கொழும்பில் பழைய தாள் தேடப் போகிறவர்களுக்கு

முதல் நாள் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். எந்த ஆவணக் காப்பகம் என்பது வேண்டாம். பல்கலைக்கழகக் கடிதம் கையில் இருந்தது, அடையாள அட்டையும் இருந்தது. கடிதத்தில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக இருந்தது, அட்டையில் முழுப் பெயராக நீண்டு கிடந்தது. "இது ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார்கள். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஆறு வேலை நாள் போனது.

இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் என் முதல் இரண்டு மாதமும் கரைந்தன. ஆய்வேட்டுக்கு எடுத்த தலைப்பும் அமைதியான தலைப்பு இல்லை. 1921இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம், சிங்களவரும் தமிழரும் சேர்ந்திருந்த இலங்கைத் தேசியக் காங்கிரஸை விட்டு விலகினாரே, சட்டநிரூபண சபையில், அதாவது அந்தக் காலச் சட்டமன்றத்தில், மேல் மாகாணத் தமிழருக்கு உறுதி சொன்ன ஆசனம் வராத பிரச்சினை, அதுதான். நூறு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அதைப் பற்றி வாய் திறந்தால் மூன்று மேசைகள் திரும்பிப் பார்க்கும். அதனால் கீழே இருப்பதில் பாதி கந்தோர் வேலை பற்றியது, மீதிப் பாதி இந்தக் காலத்து அரசியல் காதுக்குள் இரைந்துகொண்டிருக்கும்போது பழைய தாளை எப்படி வாசிப்பது என்பது பற்றியது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள், விரும்பும் பதிலையும் எழுதுங்கள்

புறப்படும் முன் ஒரு தாளில் கேள்வியை எழுதுங்கள். "தமிழர் அரசியல் வரலாறு" என்பது கேள்வி இல்லை. "1918க்கும் 1921க்கும் இடையில் மேல் மாகாணத் தமிழ் ஆசனம் பற்றி யார், யாருக்கு, என்ன உறுதி கொடுத்தார்கள்?" என்பது கேள்வி.

அதற்குக் கீழே, எந்தப் பதில் கிடைத்தால் உங்கள் மனம் குளிரும் என்பதையும் நேர்மையாக எழுதிவிடுங்கள். நான் "எங்களை ஏமாற்றினார்கள்" என்று எழுதினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்ததால், பிறகு ஒரு ஆவணத்தைப் பார்த்துத் துள்ளும்போதெல்லாம் அது உண்மையிலேயே பெரிய விஷயமா, இல்லை எனக்குப் பிடித்த விஷயமா என்று ஒருதரம் யோசிக்க முடிந்தது. இதற்குச் செலவு ஒரு தாள்.

2. கடிதமும் மற்ற ஆவணங்களும்

சேர்க்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை என்றால் கடவுச்சீட்டு), இரண்டின் போட்டோ கொப்பிகள், இரண்டு மூன்று கடவுச்சீட்டு அளவுப் படங்கள், நிறுவனத்திலிருந்து ஒரு அறிமுகக் கடிதம். கடிதம் ஒன்று போதாது. போகப்போகிற ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்தத் தலைவரின் பதவியை விளித்து, கையெழுத்தும் முத்திரையும் உள்ள மூலப் பிரதியாகத் தனித்தனியே வாங்குங்கள். "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக எழுதிய கடிதத்தைச் சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள், சில இடங்களில் புருவத்தை உயர்த்துவார்கள்.

பெயர் எழுத்துக்கு எழுத்து அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். எங்கள் பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, அட்டையில் ஒன்று என்று அலைகிறவை. கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கு அட்டையின் கொப்பியையே கொடுத்துவிடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

கடிதத்தில் தலைப்பை எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். "இன முரண்பாட்டின் வேர்கள்" என்று போட்டால் கவுன்டரில் இருப்பவர் ஒருமுறைக்கு இருமுறை வாசிப்பார், மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார். பொய் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. எந்த ஆவணத் தொகுதி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று வறட்சியாக எழுதுங்கள். "சட்டநிரூபண சபைப் பிரதிநிதித்துவம், 1918–1924" என்று நான் மாற்றியபின் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆவணக்காரருக்குத் தேவையும் அதுதான்: எந்த அலுமாரியைத் திறப்பது என்று தெரிய வேண்டும்.

3. எங்கே எது கிடைக்கும்

தேசிய சுவடிகள் கூடம் கொழும்பு 7இல், பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. ஓட்டோக்காரரிடம் பழைய பெயரான ரீட் அவெனியூவைச் சொன்னால் சில நேரம் சீக்கிரம் புரியும். பஸ் என்றால் தும்முல்லைச் சந்தியில் இறங்கி நடக்கலாம். ஒல்லாந்தர் காலப் பதிவுகள், பிரித்தானியர் காலக் கோப்புகள், பழைய பத்திரிகைகள் எல்லாம் இங்கே. 1839ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டமும் 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர் வெளியிடுவோர் சட்டமும் அச்சடித்ததில் பிரதி கொடுக்கச் சொன்னதால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. 1796க்கு முந்திய ஒல்லாந்தர் காலம் என்றால் டச்சு மொழி வேண்டும், அதுவும் அந்தக் காலக் கையெழுத்தில். அதற்கு ஒரு வருடம் தனியாக ஒதுக்குங்கள்.

கொழும்பு அருங்காட்சியக நூலகம் 1877இல் தொடங்கியது, பழைய நூல்களுக்கும் ஏட்டுச்சுவடிகளுக்கும் நல்ல இடம். ஆனந்த குமாரசாமி மாவத்தையில் பொது நூலகமும், கொஞ்சம் தள்ளி அரச ஆசியக் கழகத்தின் நூலகமும் உண்டு. வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்தை மறந்துவிடாதீர்கள். தமிழ் மலர்கள், நினைவு வெளியீடுகள் போன்றவற்றை முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

இந்த இடங்களுக்குப் போகும் முன் வீட்டிலிருந்தபடி 'நூலகம்' மின்நூலகத்தில் தேடிவிடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பிறகு, ஒரு பிரதி மட்டும் இருப்பது ஆபத்து என்பது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005இலிருந்து ஆட்கள் பொறுமையாக ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் பஸ் ஏறித் தேடிய இரண்டு சிறு வெளியீடுகள் அதில் இருந்தன, பிறகுதான் பார்த்தேன்.

ஆளுநர் லண்டனுக்கு எழுதிய கடிதங்களின் மறுமுனை லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில், சீ.ஓ. 54 (காலனித்துவ அலுவலகக் கோப்புகள்) என்ற தொடரில் இருக்கிறது. அங்கே சொந்தக் கமராவில் படமெடுக்கக் காசில்லை. லண்டனில் ஒரு மச்சானோ மச்சாளோ இல்லாத கொழும்புத் தமிழர் குறைவு. தொகுதி எண்ணைத் துல்லியமாகக் கொடுத்து ஒரு சனிக்கிழமை போகச் சொல்லலாம், திறந்திருக்கும் நாளை முன்பே பார்த்துக்கொண்டு.

4. நாட்களை எண்ணும் விதம்

பத்து நாள் லீவில் வருகிறவர் பத்து நாள் வேலை செய்யலாம் என்று நினைக்கிறார். இரண்டு வார இறுதி, ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை), அனுமதிக்காக ஒரு நாள், கேட்ட கட்டு வேறு யாரிடமோ இருப்பதால் ஒரு நாள். ஐந்து நாள் மிஞ்சினால் அதிர்ஷ்டம். கலண்டரைப் பார்த்துப் போயாவைக் கழித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஏப்ரல் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரத்தை மறந்துவிடுங்கள்.

காலையில் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து, உள்ளே போய் எடுத்து வந்து, அது நீங்கள் கேட்டதுதானா என்று பார்ப்பதற்குள் பத்தரை ஆகிவிடும். மதிய இடைவேளைக்கு முன் அடுத்த சீட்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஐப்பசி மழைக் காலத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு வானம் கறுக்கும். குடையை விடக் கோப்புக்கு ஒரு பிளாஸ்டிக் உறை முக்கியம்.

பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றும், ஏசி இருக்கும் இடத்தில் பல் கிட்டும். தும்மல் வருத்தக்காரர் முகக்கவசம் போடுங்கள். நூறு வருடத் தூசி மூக்கைச் சும்மா விடாது.

சிங்களம் தெரியாது என்று பயப்படாதீர்கள், ஆனால் நாலு வாக்கியம் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு தொகுதி "இல்லை" என்று மூன்று முறை பதில் வந்தது. நான்காம் நாள் அலுமாரிப் பக்கம் வேலை செய்யும் வயதான ஒருவர் "மல்லி (தம்பி), ஆண்டைச் சொல்லு" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து முழங்கை வரை தூசியோடு வந்தார், கையில் என் தொகுதி. முதுகில் தவறான இலக்கம் ஒட்டப்பட்டு இருபது வருடமாக வேறு தட்டில் இருந்திருக்கிறது. அடுத்த நாள் கதலி வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்குத்தான் முதலிடம்.

5. செலவு

வாசகர் அனுமதிக் கட்டணம், பிரதிக் கட்டணம் இரண்டும் மாறிக்கொண்டே இருப்பவை. முதல் நாளே கட்டணப் பட்டியலைக் கேட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். மடிந்து உதிரும் பத்திரிகைத் தொகுதியைப் போட்டோ கொப்பி எடுக்க விடமாட்டார்கள், அது நியாயம்தான். சொந்தப் போனில் படமெடுக்க அனுமதி உண்டா, பக்கத்துக்கா நாளுக்கா காசு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பி ஒரு இடத்தில் அறுபது பக்கம் எடுத்தபின் அழிக்கச் சொன்னார்கள்.

எல்லாக் காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பஸ்ஸும் சோற்றுப் பார்சலும் கொஞ்சம் கொப்பியுமாக எனக்கு ஒரு நாள் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, ஓட்டோ பிடித்த நாட்களைத் தவிர.

6. குறிப்பு எடுக்கும்போது அடுத்த வரியையும் எழுதுங்கள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஹியூ கிளெக்ஹோர்ன் என்றொரு ஸ்கொட்லாந்துக்காரர், இலங்கையில் பிரித்தானியரின் முதல் காலனித்துவச் செயலாளர். 1799 ஜூனில் ஒல்லாந்தர் கால நீதி, வரி நிர்வாகம் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். மிகப் பழைய காலம் தொட்டு இரண்டு வேறு தேசத்தவர் இந்தத் தீவைப் பங்கிட்டு ஆண்டார்கள், வளவை கங்கை முதல் சிலாபத்து ஆறு வரை தெற்கிலும் மேற்கிலும் உள்நாட்டிலும் சிங்களவர், வடக்கிலும் கிழக்கிலும் மலபார்கள், அதாவது தமிழர் என்று அதில் வருகிறது. இந்த வரியைக் கேள்விப்படாத தமிழ் மேடை கிடையாது. நானும் ஒரு கருத்தரங்கில் இதை வைத்துத்தான் ஆரம்பித்தேன், கைதட்டலும் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து வாசிப்பறையில் என் மேசைக்குப் பக்கத்தில் தினமும் உட்காரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, அடுத்த வரியையும் வாசிச்சனீரோ?"

வாசிக்கவில்லை. எனக்குக் கிடைத்தது யாரோ ஒருவரின் கட்டுரையில் இருந்த மேற்கோள், அது அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து முடிந்திருந்தது. முழுக் குறிப்பும் 1950களில் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அச்சேறியிருக்கிறது, எடுக்க ஒரு காலைப் பொழுது போதும். அடுத்த வரியில் கிளெக்ஹோர்ன், இந்த இரு தேசத்தவரும் மதத்திலும் மொழியிலும் பழக்க வழக்கத்திலும் முற்றாக வேறுபட்டவர்கள் என்கிறார். அதோடு சிங்களவர்தான் முந்திக் குடியேறியவர்கள் என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது, அவர்கள் சீயத்திலிருந்து வந்தவர்கள் என்றும் எழுதுகிறார். சீயம்! இன்றைய தாய்லாந்து.

இப்போது என்ன செய்வது? முதல் வரியைச் சாட்சியாக எடுத்தால் இரண்டாவதையும் எடுக்க வேண்டும். சீயக் கதையைச் சிரித்து ஒதுக்கினால், அதே மூச்சில் அதே ஆள் சொன்ன முதல் வரிக்கு மட்டும் எப்படி அவ்வளவு பாரம் வரும்? அந்தப் பக்கத்தில் முந்தியவர் யார் என்ற துண்டை மட்டும் வெட்டிக்கொண்டு, இரண்டு தேசம் என்பதையும் சீயத்தையும் மறைக்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். 1800இலேயே தீவை விட்டுப் போய்விட்ட ஒரு அதிகாரி 1799இல் என்ன கேள்விப்பட்டார், எதை நம்பினார் என்பதற்கு அந்தக் குறிப்பு முதல்தரச் சான்று. அதற்கு மேல் அதன் தலையில் சுமையேற்றினால் அது தாங்காது. தமிழர் உரிமைக் கோரிக்கைக்கு வேறு நூறு நியாயம் இருக்கிறது, ஒரு வெள்ளைக்காரரின் அரை வாக்கியத்தில் அதைத் தொங்கவிடத் தேவையில்லை என்பது என் நிலைப்பாடு.

அன்றிலிருந்து என் குறிப்புச் சீட்டில் நாலு பகுதி: தொகுதி எண்ணும் பக்கமும், மேற்கோள், மேற்கோளுக்கு முந்திய வரியும் பிந்திய வரியும், கடைசியாக, இதை எனக்குப் பிடிக்காத ஒருவர் எப்படி வாசிப்பார் என்று ஒரு வரி. நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

7. கணக்குகளில் பெயர் மாறும்

இலங்கையில் முதல் நவீன குடிசன மதிப்பு 1871இல். 1901 மதிப்பை நடத்தியவர் அருணாசலமே. அதில் தமிழர் 951,740. 1911 அறிக்கையில் இலங்கைத் தமிழர் 528,024. இந்த இரண்டு எண்ணையும் ஒரே நிரலில் வைத்துக் கோடு கீறினால், பத்து வருடத்தில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர் காணாமல் போனார்கள் என்று வரும். இப்படி ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் எனக்கே வந்தது, அடியில் மூன்று அழுகை முகங்களோடு.

யாரும் காணாமல் போகவில்லை. 1911இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலாகப் பிரித்து எண்ணினார்கள். அந்த வருடம் இந்தியத் தமிழர் 530,983. இரண்டையும் கூட்டுங்கள், தொகை கூடித்தான் இருக்கிறது. அட்டவணையில் இருந்து எண்ணை எடுக்கும்போது அந்த ஆண்டு அறிக்கையின் முன்னுரையில் வகைகளை எப்படி வரையறுத்தார்கள் என்ற பக்கத்தையும் சேர்த்துக் கொப்பி எடுங்கள். பத்துப் பக்கச் செலவு, பெரிய மானக்கேட்டைத் தவிர்க்கும்.

8. பத்திரிகையில் இல்லையென்றால் நடக்கவில்லை என்று எழுதாதீர்கள்

வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. அதற்கு முந்திய காலத்துக்கு வேறு தாள்களைத் தேட வேண்டும். இன்னொன்று: 1958 இனக் கலவரத்தில், மே 27இல் அவசரகாலநிலை வந்தபோது பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. அந்த வாரத்துத் தாள்களை மட்டும் புரட்டினால் நாடு ஏதோ சாதாரணமாக இருந்தது போலத் தோன்றலாம். எந்தத் தொகுதியை எடுத்தாலும், அந்த நாட்களில் தணிக்கை இருந்ததா என்று வர்த்தமானியில் (அரச அறிவித்தல் இதழில்) பாருங்கள். நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்டில் அதே வாரங்களையும் பின்வந்த மாதங்களையும் வாசியுங்கள். பத்திரிகையில் அச்சேறாத பேச்சுகள் சபையில் பேசப்பட்டிருக்கும்.

9. பதில் வராவிட்டால்

ஒரு அரச நிறுவனத்துக்குக் கடிதம் போட்டுச் சத்தமே இல்லையென்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இலங்கைப் பிரசைகளுக்குத்தான். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பதினாலு வேலை நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். 2017 விதிகளின்படி ஏ4 போட்டோ கொப்பி பக்கத்துக்கு 2 ரூபாய். இதை முதல் ஆயுதமாகத் தூக்காதீர்கள். நேரில் போய், பெயர் சொல்லி, இரண்டு தரம் கேட்டுவிட்டு, அப்புறம்.

10. ஆட்கள் தேடி வரும்போது

நீங்கள் பழைய தாள் வாசிக்கிறீர்கள் என்று தெரிந்தால் போன் வரும். தேர்தல் நெருங்கினால் அடிக்கடி வரும். எனக்கு ஒரு மாலை ஆறரைக்கு வந்தது, ஒரு கூட்டம் ஒழுங்கு செய்கிறவர்.

"அண்ணை, அந்த 1918 கடிதம், ஜேம்ஸ் பீரிஸும் சமரவிக்ரமவும் அருணாசலத்துக்கு எழுதினது, அதிலை ஆசனம் தாறம் எண்ட வரி மட்டும் வேணும். நாளைக்கு அச்சுக்குப் போகுது."

அந்த இரு சிங்களத் தலைவர்களின் கடிதத்தில் மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஒரு ஆசனம் ஒதுக்குவதற்குத் தீவிரமாக ஆதரவு தருவோம் என்ற உறுதி இருக்கிறது. பிரதேச அடிப்படையில் தேர்தல் இருக்கும் வரை என்ற நிபந்தனையும் இருக்கிறது. முதலாவதைப் படித்தபோது நான் துள்ளியது உண்மை. கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிய தாள் அந்த நேரத்தில்தான் உதவியது. உறுதி கொடுக்கப்பட்டது, அருணாசலம் அதை நம்பினார், ஆசனம் வரவில்லை. அந்த நிபந்தனையை இரு தரப்பும் எப்படி விளங்கிக்கொண்டன என்பதில்தான் முழுச் சண்டையும் கிடக்கிறது, என் ஆய்வேட்டில் அதற்கே ஒரு அத்தியாயம் போனது.

இப்படிக் கேட்கிறவர்களை விரட்டாதீர்கள், அவர்களும் எங்கள் ஆட்கள்தான், ஆர்வத்தில் கேட்கிறார்கள். வரியைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், பக்கத்தை அனுப்புங்கள். படத்தின் மூலையில் தொகுதி எண், பக்கம், திகதி தெரிய வேண்டும். இதற்காகவே நான் ஒரு சின்னச் சீட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் படமெடுப்பேன், அன்றிரவே கோப்புக்குப் பெயரும் வைத்துவிடுவேன். மூன்று நாள் தள்ளிப்போட்டால் எது எதிலிருந்து என்று தெரியாது.

அவருக்கு முழுப் பக்கத்தையும் அனுப்பினேன். "போஸ்டருக்குக் கொஞ்சம் நீளம் அண்ணை" என்று பதில் வந்தது. நாலு நாள் கழித்துக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மதிலில் பார்த்தேன், சிவப்பு எழுத்தில் அரை வாக்கியம், நிபந்தனைக்கு முன்னால் மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளியாவது வைத்தாரே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தின் படம் இன்னும் போனில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன், அதற்கு முந்திய பக்கத்தோடும் பிந்திய பக்கத்தோடும் சேர்த்து.